தாங்கும் என்று சொன்னவர்

என் மாமனார் அப்பாசாமியைப் பற்றி மலாக்காவில் யாரைக் கேட்டாலும் நல்ல மனிதர் என்றுதான் சொல்வார்கள். காஜா பெராங் பக்கம் போய்க் கேட்டால் இன்னும் ஒரு படி மேலே போய் தெய்வம் என்பார்கள். அந்தப் பேச்சு காதில் விழுந்தால் போதும், மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். தன்னடக்கம் என்று அதற்கும் ஒரு பாராட்டு விழும். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக இருக்கும். ஓர் ஆள் கூசிப்போய் எழுந்து ஓடுகிறான் என்பதுகூடத் தெரியாத சனங்கள்! நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு அவரைத் திட்டுகிறவர்கள் திட்டட்டும், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் அவர் நின்ற இடத்தில் நான் நின்றிருந்தால் வேறு மாதிரி நடந்திருப்பேன் என்று யாராவது என்னிடம் மார்தட்டினால் அங்கே எனக்குச் சண்டை வந்துவிடும்.

ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அவர். அப்பா, அம்மா இரண்டு பேரும் பால் மரம் வெட்டியவர்கள். நாலெழுத்து இங்கிலீஷ் படித்திருந்ததால் இன்னொரு தோட்டத்தில் டிரசராகச் சேர்ந்தார். டிரசர் என்றால் டாக்டருக்கு ஒரு படி கீழே. புண்ணுக்கு மருந்து கட்டுவார், ஊசி போடுவார், மலேரியாக் காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை கொடுப்பார். டாக்டர் எப்போதாவது காரில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர் என்பதால் லயம் என்கிற வரிசை வீட்டுச் சனங்களுக்கு டிரசர்தான் எல்லாம். அவருக்கு அந்த வெள்ளைக் கோட்டுமேல் ஒரு பைத்தியம். என் மாமியார் பொன்னம்மாவைத் தவிர வேறு யாரும் அதைத் துவைக்கக் கூடாது.

தோட்டத்தில் பொழுது விடியும்போதே பெரட்டு. ஆட்கள் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும், பெயர் கூப்பிடுவார்கள், வேலை பிரித்துக் கொடுப்பார்கள். உடம்பு சரியில்லை என்கிறவர்களைக் கங்காணி தனியாக ஒதுக்கி நிறுத்துவார். வெள்ளைக்காரத் துரை இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். என் மாமனார் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வருவார். மணிக்கட்டில் விரல் வைப்பார், கீழிமையை இழுத்துப் பார்ப்பார், வயிற்றை ஒரு அமுக்கு அமுக்குவார். பிறகு ஒரே ஒரு சொல். தாங்கும் என்றால் அந்த ஆள் வாளியைத் தூக்கிக்கொண்டு மரத்துக்குப் போக வேண்டும். தாங்காது என்றால் ஆசுபத்திரிக் கொட்டகையில் போய்ப் படுக்கலாம். வருகிற எல்லோருக்கும் தாங்காது என்று சொன்னால் துரை டிரசரை மாற்றிவிடுவார். ஆகவே ஒரு நாளைக்கு இவ்வளவுதான் சொல்லலாம் என்று தனக்குள் ஓர் அளவு வைத்துக்கொண்டார். எல்லாத் தோட்டத்து டிரசரும் வைத்திருந்த அளவுதான் அது. அவருக்கு அது கொடுமையாகப் படவில்லை. தொழில் என்றுதான் பட்டது.

ஜப்பான் சண்டை வருவதற்கு முன்பே டவுன் ஆசுபத்திரியில் வேலை கிடைத்து, காஜா பெராங்கில் கம்போங் செட்டியை ஒட்டி ஒரு வாடகை வீட்டுக்குக் குடிவந்தார்கள். அடுத்த வீட்டில் கனகசபை படையாச்சி, அவர் மனைவி தெய்வானை. இவர்கள் மலாக்கா செட்டிகள், எத்தனையோ தலைமுறைக்கு முன்பே வந்து இந்த மண்ணோடு கலந்துபோன தமிழர்கள். பெயர் நம் பெயர், சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். கனகசபை துறைமுகக் கிடங்கில் கணக்கு எழுதினார். தெய்வானை சாரோங்கும் கெபாயாவும் உடுத்திக்கொண்டு, கோழிக்குழம்பு வைத்தால் முதல் கிண்ணத்தை வேலிக்கு மேலே நீட்டிவிடுவார். தோட்டத்து மலாயில் என் மாமனார் உளறுவதைக் கேட்டு கனகசபை விழுந்து விழுந்து சிரிப்பாராம். நல்ல பழக்கம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு வழி விழுந்துவிட்டது.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான்.

ஒரு நாள் மத்தியானம் ஆசுபத்திரி வாசலில் கார் வந்து நின்றது. கெம்பித்தாய், அதாவது அவனுடைய ராணுவ போலீஸ். உடன் வந்த மொழிபெயர்ப்பாளன் டிரசர் ஒருவர் வேண்டும் என்று மலாயில் சொன்னான். இருந்தவர்கள் என் மாமனாரைக் கைகாட்டினார்கள். கடற்கரைப் பக்கம் யாரோ பணக்காரர் விட்டுவிட்டு ஓடிய பங்களா ஒன்றுக்குக் கூட்டிப் போனார்கள். சமையல்கட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் ஒரு சீனப் பையன் மல்லாந்து கிடந்தான். தரை முழுக்க ஈரம், வயிறு உப்பியிருந்தது. கடலில் விழுந்தவனைத் தூக்கி வந்திருக்கிறார்கள் என்று என் மாமனார் நினைத்துக்கொண்டார். பரபரவென்று முழங்கால் போட்டு உட்கார்ந்து, அவனைக் குப்புறத் திருப்பித் தண்ணீரை வெளியே எடுத்தார். மூச்சு வந்தது. நாடி பார்த்தார், இமையை இழுத்துப் பார்த்தார். சுவரோரம் நின்ற சார்ஜண்ட் ஏதோ கேட்க, மொழிபெயர்ப்பாளன் மலாயில் சொன்னான்.

"போலே தஹான்?"

தாங்குமா என்று அர்த்தம். இத்தனை வருடம் விடியற்காலையில் கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்வி. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகத் தாங்குமா என்று கேட்கிறான் என்று நினைத்தாரா, எதையுமே நினைக்காமல் வாய் தானாகச் சொன்னதா என்று அவருக்கே கடைசிவரை தெளிவில்லை. "தாங்கும்" என்றார். அவர் எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொள்வதற்குள் இரண்டு பேர் பையனை மறுபடி மல்லாத்திப் பிடித்து, ரப்பர் குழாயை அவன் வாயில் செருகினார்கள். அப்போதுதான் குழாயின் மறுமுனை எங்கே இருக்கிறது என்று பார்த்தார். தண்ணீர்க் குழாயில் இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்தபோது கோட்டின் கீழ்ப்பகுதி நனைந்திருந்தது.

"எங்கங்க போனீங்க, இப்படி நனைஞ்சு வர்றீங்க?" என்று பொன்னம்மா கேட்டிருக்கிறார்.

"வார்டு கழுவுனாங்க" என்றாராம். பிறகு அடிக்கடி நனைந்து வந்தார். வார்டும் அடிக்கடி கழுவப்பட்டது.

இரண்டாம் முறை போனபோது அவர் தயாராகத்தான் போனார். கேட்டவுடன் தாங்காது என்று சொல்லிவிட்டார். அடி நின்றது. ஆளை ஓரமாகப் போட்டார்கள். என் மாமனாருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், இவ்வளவுதானா என்று. சார்ஜண்ட் அவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தான், கொஞ்ச நேரம் போனதும் எழுந்துபோய் அதே ஆளை மறுபடி அடிக்க ஆரம்பித்தான். அந்த ஆள் சாகவில்லை. சார்ஜண்ட் திரும்பி வந்து என் மாமனாரைக் கன்னத்தில் அறைந்தான். இன்னொரு முறை பொய் சொன்னால் நீ அந்தத் தரையில் படு, வேறு டிரசர் வந்து உன்னைப் பார்க்கட்டும் என்று மொழிபெயர்ப்பாளன் மூலம் சொன்னான்.

அதற்குப் பிறகு தோட்டத்துப் புத்தி வேலை செய்தது. எல்லோருக்கும் தாங்காது என்றால் எவனுக்கும் பலிக்காது. உண்மையிலேயே உயிர் போய்விடும் என்று தெரிகிறவனுக்கு மட்டும் அந்தச் சொல்லை எடுப்பது, மற்றவர்களுக்குத் தாங்கும். அவர் சொன்னதால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள், அதை மறைத்தால் நான் நியாயம் தவறியவன் ஆவேன். ஆனால் அடிக்கிறவனுக்கு எதற்கு ஒரு டிரசர் என்று யோசித்துப் பாருங்கள். ஆள் கையைவிட்டுப் போகாமல் அடிப்பதற்குத்தான். இவர் இல்லாவிட்டால் பயந்து நிறுத்தியிருக்கக்கூடிய இடத்தில், இவர் இருக்கிறார் என்ற தைரியத்தில் நிறுத்தாமல் போனார்கள். இவர் கட்டிவிட்ட மருந்து மறுநாள் அடிக்கு ஆளைத் தயார் செய்தது. இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அவரே சொன்னார், சொல்லும்போது தன் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

ரம்புத்தான் பழுக்கத் தொடங்கிய சமயத்தில் கனகசபையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கிடங்கில் யாரோ ரேடியோவை ஒளித்துவைத்து வெளிநாட்டுச் செய்தி கேட்பதாகப் புகார். கனகசபைக்கு ரேடியோவைத் திருகக்கூடத் தெரியாது. அது யாருக்கு வேண்டும்? ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதான்.

என் மாமனாரைக் கூப்பிட்டார்கள். சிமெண்டுத் தரையில் கிடந்த ஆளைப் பார்த்தார். முகம் வீங்கிப்போயிருந்தாலும் அடையாளம் தெரிந்தது. கனகசபைக்கும் தெரிந்தது. அவர் முகம் மலர்ந்ததாம். அடி வாங்கிக் கிடக்கிற மனிதர், தெருக்காரரைப் பார்த்ததும், வந்துவிட்டாயா என்பதுபோலப் பார்த்திருக்கிறார். என் மாமனார் அந்தப் பக்கம் பார்க்காமல் மணிக்கட்டைப் பிடித்தார். அன்று காலையில்தான் வேறு ஒருவனுக்குத் தாங்காது என்று சொல்லியிருந்தார். சார்ஜண்ட் இப்போது இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போலே தஹான்?"

கேள்வி மலாயில். பதிலும் மலாயில். கிடந்தவருக்கு அது தாய்ப்பேச்சு.

"தாங்கும்" என்றார் என் மாமனார்.

அந்த மலர்ந்த முகம் அப்படியே அணைந்ததை நேரே பார்க்காமல் கடைக்கண்ணால் பார்த்தேன் என்று என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகும் பல தடவை கூப்பிட்டார்கள். ஒரே ஒரு முறை, நிஜமாகவே நாடி விழுந்துவிட்டபோது, கனகசபைக்குத் தாங்காது என்று சொன்னார். அதில் உயிர் தங்கியது. அதை அவர் ஒரு புண்ணியமாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதுவரைக்கும் நடந்ததை மன்னிக்கலாம் என்று நினைக்கிறவர்கள் இருக்கலாம். நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். கழுத்தில் கத்தி இருந்தது. அடுத்து நடந்ததற்கு யார் கத்தியும் இல்லை.

செட்டி வீடுகளில் பழக்காலத்தில் பார்ச்சு என்று ஒன்று உண்டு. குடும்பத்தில் செத்துப்போனவர்களுக்கு வாழையிலை விரித்துப் படைப்பது. அவரவருக்குப் பிடித்த பழம், பலகாரம், காப்பி, சுருட்டு எல்லாம் வைத்து, சாம்பிராணி போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். அவர்கள் உள்ளே சாப்பிடுகிற நேரம் மற்றவர்கள் வெளியே சத்தம் போடாமல் காத்திருக்க வேண்டும். புதிதாகப் போனவர்களுக்குத் தனி இலை. அதைப் போடாவிட்டால் அந்த ஆத்துமா பசியோடு தெருவில் நிற்கும். உயிரோடு இருக்கிறவருக்குத் தவறிப்போய்ப் போட்டுவிட்டாலோ, அவர் சோற்றைச் செத்தவர்களுக்குக் கொடுத்துவிட்டதாக ஆகிவிடும், பிறகு எதைச் சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது என்பது அந்த வீட்டு நம்பிக்கை.

பார்ச்சு நெருங்கியபோது தெய்வானை வேலி வழியாக வந்து என் மாமனாரிடம் கேட்டார். மலாயில்தான் பேசினார், நான் தமிழில் சொல்கிறேன்.

"டிரசர் அண்ணே, உங்கள அங்க கூட்டிட்டுப் போறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். என்னன்னு நான் கேக்க மாட்டேன். சொன்னா உங்களுக்கு ஆபத்து. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவருக்கு இலை போடட்டா, வேணாமா?"

போடாதே அம்மா என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது என்றுகூடச் சொல்லியிருக்கலாம். முந்தின நாள்தான் அவர் கனகசபையின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டு வந்திருந்தார்.

"போடுங்க" என்றார்.

ஏன் என்று நான் கேட்டேன். கத்தினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"அந்த மனுஷன் வெளிய வந்தா நான் சொன்னத எல்லார்கிட்டயும் சொல்லிருவாருன்னு பயம், மாப்பிள்ள. வராம போயிட்டா நல்லதுன்னு உள்ளுக்குள்ள ஒரு நெனப்பு இருந்துச்சு. அது வாயில வந்துருச்சு."

தெய்வானை அங்கேயே உட்கார்ந்து அழுதார். தாலியைக் கழற்றினார். பார்ச்சு அன்று அக்கம்பக்கத்தார் என்ற முறையில் என் மாமனாரும் மாமியாரும் போனார்கள். மரவள்ளிக்கிழங்கைத் தின்று நாளை ஓட்டிய காலம், இருந்தாலும் தெய்வானை எங்கெங்கோ அலைந்து கனகசபைக்குப் பிடித்ததெல்லாம் இலையில் வைத்திருந்தார். கதவைச் சாத்தினார்கள். எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள். உள்ளே இலை போடப்பட்டவர்களில் ஒருவர் அந்த நேரம் கடற்கரைப் பங்களாவில் பசியோடு கிடக்கிறார் என்பது அந்தக் கூட்டத்தில் என் மாமனார் ஒருவருக்குத்தான் தெரியும். பொன்னம்மா தெய்வானையின் தோளைப் பிடித்துக்கொண்டு விசும்பினார். இவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீர் நிஜமா நடிப்பா என்று இன்றுவரை தெரியவில்லை மாப்பிள்ளை என்றார் என்னிடம்.

சில வாரம் கழித்து, வேறு யாரோ மாட்டிக்கொண்டதாலோ அலுத்துப்போனதாலோ, கனகசபையை விட்டுவிட்டார்கள். ஆசுபத்திரி வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். முதலில் ஓடிப்போய்ப் பார்த்தவர் என் மாமனார். ஓட வேண்டியிருந்தது, கோட்டு அவர்தானே போட்டிருந்தார். கனகசபை அவரைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கையாலேயே புண்ணைத் துடைக்கவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுவார், நாளைக்குச் சொல்லிவிடுவார் என்று என் மாமனார் ஒவ்வொரு நாளும் செத்துப் பிழைத்தார்.

வீட்டுக்குப் போன கனகசபை பழைய ஆளாக இல்லை. டம்ளரில் தண்ணீர் குடிக்க முடியாது, கரண்டியால் தொட்டுத் தொட்டுத்தான் குடிப்பார். குளிக்கத் தலையில் தண்ணீர் ஊற்றினால் மூச்சு அடைத்துப்போய்க் கத்துவார். மழைச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். சாப்பிட்டது தங்காது, உடம்பு தேறவே இல்லை. இதெல்லாம் எதனால் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். தெய்வானைக்கும் ஒன்று தெரிந்தது. உயிரோடு இருந்த புருஷனுக்கு அவசரப்பட்டு இலை போட்டோமே, அதனால்தான் என்று. அன்றிலிருந்து அவர் தன் கையால் கனகசபைக்குச் சோறு போடவில்லை. சமைப்பார், ஆனால் தங்கச்சி மகள் ருக்மணி வந்துதான் தட்டில் போட்டுக் கொடுக்க வேண்டும். கழற்றிய தாலியை மறுபடி கட்டிக்கொள்ளவும் மாட்டேன் என்றுவிட்டார். அவர் பக்கத்தில் உட்காருவதில்லை. தன் நிழல் பட்டால்கூட அவருக்கு ஆகாது என்று அந்த அம்மாள் ஒதுங்கி ஒதுங்கியே நடந்தார். என் மாமனார்மேல் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் பாவம், கேள்விப்பட்டதைச் சொன்னார், நான்தான் துருவித் துருவிக் கேட்டேன் என்பார்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் வழக்கு நடந்தது. சார்ஜண்டைக் கூண்டில் நிறுத்தினார்கள். சாட்சி சொல்ல என் மாமனாரையும் கூப்பிட்டார்கள், குற்றவாளியாக இல்லை, பார்த்தவர் என்று. பார்த்ததையெல்லாம் சொன்னார். அப்போது சார்ஜண்டுக்காக வாதாடியவர் எழுந்து கேட்டார்: மருத்துவம் தெரிந்த உங்களை ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டுதான் செய்தேன் என்கிறார், நீங்கள் தாங்கும் என்று சொன்னது உண்மையா?

"இல்லை" என்றார் என் மாமனார்.

சார்ஜண்ட் நிமிர்ந்து பார்த்தானாம். அத்தனை பேரைக் கொன்றவன், தன்மேல் பொய்ச்சாட்சி விழுந்ததற்காகக் கொதித்துப்போய்ப் பார்த்தான். அந்த ஓர் இடத்தில் நியாயம் அவன் பக்கம் இருந்தது, இதைவிட அசிங்கம் எனக்கு வேறு வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். அடுத்து கனகசபை. அவரிடமும் அதையே கேட்டார்கள், டிரசர் அப்படிச் சொன்னாரா என்று. கனகசபை தன் கையைப் பார்த்தார்.

"என் காதில் தண்ணீர் அடைத்திருந்தது. எதுவும் கேட்கவில்லை" என்றார்.

சார்ஜண்டுக்குத் தண்டனை விழுந்தது. சட்டம் அதோடு தன் வேலையை முடித்துக்கொண்டது. வெளியே வந்ததும் கனகசபை என் மாமனாரை மரத்தடிக்குக் கூப்பிட்டார். பங்களாவிலிருந்து விடுபட்ட பிறகு அவர் இவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"அன்னிக்கு நீங்க வேற மாதிரி சொல்லியிருந்தா உங்களையும் பக்கத்துல படுக்க வெச்சிருப்பானுங்க. எனக்குத் தெரியும். அத விட்டுட்டேன். ஆனா இலை? அத யாரு உங்கள அடிச்சுச் சொல்ல வெச்சாங்க?"

பதிலுக்கு நிற்காமல் கனகசபையே தொடர்ந்தார்.

"தெய்வானைகிட்ட வந்து சொல்லுங்க. நான் உயிரோட இருந்தது உங்களுக்குத் தெரியும்னு சொல்லுங்க. நான் சொல்லிப் பாத்துட்டேன், நம்ப மாட்டேங்குறா. டிரசர் பொய் சொல்ற ஆளில்லைங்குறா. என் பெண்டாட்டி கையால நான் சாப்புடணும். அது ஒண்ணுதான் உங்ககிட்ட கேக்குறேன்."

சரி என்றார். சொன்னாரா? இல்லை. ஒருமுறை போனார், தெய்வானை காப்பி கொடுத்தார், குடித்துவிட்டு வந்துவிட்டார். இன்னொரு முறை போனபோது விருந்தாளிகள் இருந்தார்கள். இப்படியே வருடங்கள் ஓடின. செமாபோக்குக்கு வீடு மாறிப் போனார்கள். ஆசுபத்திரியில் யாராவது உறவினர், என் பிள்ளை பிழைப்பானா டிரசர் ஐயா என்று கேட்டால், டாக்டரைக் கேளுங்கள் என்று நழுவிவிடுவார். தனக்கு எல்லாம் தெரியும் என்ற கர்வம் இல்லாதவர் என்று அதற்கும் பெயர் எடுத்தார். அவர் மகள் கோகிலாவை எனக்குக் கட்டிக் கொடுத்தது அந்தச் சமயத்தில்தான். அந்த நல்ல பெயரைப் பார்த்துத்தான் என் வீட்டார் பெண் கேட்டுப் போனார்கள் என்பதை இப்போது நினைத்தால் எனக்குமே கூசுகிறது.

கனகசபை படுத்துவிட்டார் என்று செய்தி வந்தது. என் மாமனார் ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "மாப்பிள்ள, காஜா பெராங் வரைக்கும் வாங்க. தனியா போனா வழியிலயே திரும்பிருவேன்" என்றார். போகிற வழியில்தான் இதையெல்லாம் சொன்னார். வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். நான் இரண்டு இடத்தில் நின்று அவரைக் கண்டபடி பேசினேன். கேட்டுக்கொண்டார்.

கனகசபை சாய்வு நாற்காலியில் ஒட்டிப்போய்க் கிடந்தார். இவரைப் பார்த்ததும் எதற்கு வந்திருக்கிறார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "தெய்வானை, வா இங்க" என்று கூப்பிட்டார். அந்த அம்மாள் வந்து, நாற்காலியிலிருந்து எட்ட, சமையல்கட்டு வாசலோரமாக நின்றார்.

என் மாமனார் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"அன்னிக்கு நீங்க இலை போடட்டான்னு கேட்டீங்களே. அதுக்கு முந்தின நாள் இவரை நான் பாத்தேன். உயிரோட இருந்தாரு. தெரிஞ்சேதான் போடுங்கன்னு சொன்னேன். இவர் திரும்பி வரக் கூடாதுன்னு நெனச்சேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. இவர் உடம்பு இப்படி ஆனது இலையால இல்ல. இவரை அடிக்கும்போது தாங்குமான்னு கேட்டானுங்க, தாங்கும்னு நான்தான் சொன்னேன்."

ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். தெய்வானை அவரைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார். ஒருவழியாக முடிந்தது என்று நான் நினைத்தேன்.

"பாத்தீங்களா" என்றார் புருஷனிடம், அழுகைக்கு நடுவில். "பெரிய மனுஷரை எப்படிப் பேச வெச்சுட்டீங்க! எத்தனை வருஷமா இதச் சொல்லச் சொல்லி அவரைப் படுத்துறீங்க?"

"அடியே, அவரு சொல்றது நெசம்" என்றார் கனகசபை. எழப் பார்த்தார், முடியவில்லை.

"நெசந்தான் அம்மா" என்றார் என் மாமனார். "சத்தியமா நெசம்."

"போதும் அண்ணே. என் பழிய உங்க தலையில ஏத்திக்க வந்தீங்களே, உங்கள மாதிரி யாரு செய்வா? அந்தப் பாவிங்களோட நின்னு நீங்களா அப்படிச் சொல்வீங்க? நான் சின்னப் பிள்ளையா இதெல்லாம் நம்ப?" கிட்டே வந்து அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "என் தப்பு எனக்குத் தெரியும். நான் சுமந்துக்குறேன்."

நானும் சொல்லிப் பார்த்தேன். அண்ணன் மருமகனாச்சே, நீங்களும் நல்லவர் என்றார் அந்த அம்மாள். கனகசபை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

சாப்பிடாமல் போகக் கூடாது என்று தெய்வானை வழியை மறித்துக்கொண்டார். எனக்கும் மாமனாருக்கும் இலை போட்டு, சோறும் கோழிக்குழம்பும் தன் கையாலேயே பரிமாறினார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கூச்சப்படாதீங்க அண்ணே என்று இன்னும் ஒரு கரண்டி வைத்தார். கனகசபையின் தட்டை மட்டும் மேசையிலேயே விட்டுவிட்டு, ருக்மணியைக் கூட்டிவரப் பக்கத்து வீட்டுக்கு ஆள் அனுப்பினார். ருக்மணி வரும்வரை கனகசபை காத்திருந்தார். என் மாமனார் தலையை நிமிர்த்தாமல், இலையில் இருந்தது முழுவதையும் சாப்பிட்டு முடித்தார்.